சிவராத்திரி இரவில் இரண்டாவது பாத்திரம்



 பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க. போன மகா சிவராத்திரிக்குப் பிறகு பல பேர் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. "அந்த ரெண்டாவது பாத்திரத்துல இருந்தது என்ன பால்? வீட்டுல செய்ய முடியுமா?" ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியா சொல்வதைவிட இங்கே எழுதிவிட்டால் எல்லாருக்கும் பயன்படும் என்று நினைத்தோம்.

சிவராத்திரிக்கு நான்கு காலப் பூஜை. இரண்டாம் காலம் முடிந்து நள்ளிரவு தாண்டும் நேரத்தில் கண் விழித்திருப்பவர்களுக்குச் சூடா பாதாம் பால் கொடுப்பது நம்ம ஆலயத்தில் பல வருஷப் பழக்கம். பசும்பாலைக் காய்ச்சி, பாதாம் அரைத்துப் போட்டு, ஏலக்காய் தட்டிப் போட்டுச் செய்வோம். முழு உபவாசம் இருப்பவர்கள் வேண்டாம் என்பார்கள். பால் பழ விரதம் இருப்பவர்களுக்கு அந்த ஒரு கப் தான் விடியும் வரை தெம்பு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜாசின் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பையனுக்கு ஆறு வயசு இருக்கும். நாங்கள் கப்பை நீட்டியதும் அவன் தானாகவே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். அவன் அம்மா மெதுவாகக் கேட்டார்: "அக்கா, இதுல மாட்டுப்பால் இருக்குதானே? அவனுக்கு ஒத்துக்காது, உடம்பெல்லாம் தடிச்சிடும்." அந்த வயசில் பிரசாதத்தைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டப் பழகியிருந்தான் அந்தப் பிள்ளை. அன்று அவனுக்குக் கொடுக்க ஒரு வாழைப்பழம்தான் இருந்தது.

அப்புறம் விசாரித்துப் பார்த்தால் அவன் ஒருத்தன் மட்டும் இல்லை. வயசான பாட்டிகள் சிலர் "வேணாம்பா, வயிறு உப்பிடும்" என்று எப்போதுமே ஒதுங்குவார்கள். நாங்கள் அதை விரதம் என்று நினைத்திருந்தோம். இரண்டும் வேறு வேறு பிரச்சனை. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி, வளர்ந்த பிறகு நிறைய பேருக்குக் குறைந்துவிடும். ஆசியாவில் இது ரொம்ப சாதாரணம், வட இந்தியர்களைவிடத் தென்னிந்தியர்களிடம் அதிகம். இது வயிற்றுத் தொல்லையோடு போய்விடும். அந்தப் பையனுக்கு இருப்பது ஒவ்வாமை. பாலில் உள்ள புரதத்தையே உடம்பு எதிரியாகப் பார்க்கிறது. அவனுக்கு ஒரு சொட்டும் ஆகாது, பால் கிண்டிய கரண்டியும் ஆகாது.

கூட்டத்தில் இதைப் பேசினபோது எல்லாரும் உடனே தலையாட்டவில்லை. "கோயில்ல மாட்டுப்பால் இல்லாம என்ன பால்? நாளைக்கு அபிஷேகத்துக்கும் பாக்கெட்ட வெட்டி ஊத்துவீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதிலையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அபிஷேகத்துக்கு என்ன பால் என்பது ஆகம விஷயம். அது குருக்கள் ஐயாவின் பொறுப்பு, அதில் எதுவும் மாறவில்லை, மாறவும் போவதில்லை. நாங்கள் பேசுவது வரிசையில் கை நீட்டி நிற்கும் மனுசருக்குக் கொடுப்பதைப் பற்றி மட்டும்தான். வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் ஏதாவது ஒரு கப் கிடைக்கணும், பயமில்லாமல் குடிக்கணும். இவ்வளவுதான் எங்கள் ஆசை.

விரதக்காரர்கள் கொட்டைப் பாலை நாடியது புதுசும் இல்லை. ஐரோப்பாவில் பழைய காலத்தில் தவக்காலம் நாற்பது நாளும் கிறிஸ்தவர்கள் இறைச்சியோடு பாலையும் முட்டையையும் விலக்கினார்கள். அப்போது வசதியானவர்கள் வீட்டு அடுப்படியில் பாதாம் பால்தான் ஓடியது. 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலச் சமையல் சுவடிகளில் அது திரும்பத் திரும்ப வருகிறது. நம்ம மலாக்காவுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. முந்திரியை மலாயில் காஜுஸ் என்கிறோமே, அது போர்த்துகீசியர்களின் 'காஜு'. பிரேசில் மரத்தை ஆசியாவுக்குக் கொண்டு வந்தவர்களும் அவர்கள்தான். நமக்கோ தேங்காய்ப்பால் இருக்கவே இருக்கிறது. தோட்டத்து லயத்தில் வளர்ந்த பாட்டிகளைக் கேளுங்கள். குந்தாணி, அம்மி, திருவலகைதான் அவர்களுக்கு மெஷின். திருவி, அரைத்து, பிழிந்து, முதல் பால், இரண்டாம் பால் என்று எடுத்து வைத்துவிட்டுத்தான் பால் மரம் வெட்டப் போவார்களாம்.

இப்போ செய்முறைக்கு வருவோம்.

முதலில் ஏன் கடைப் பெட்டியை வாங்கவில்லை என்று சிலர் கேட்டார்கள். பெட்டியைத் திருப்பிப் பின்னால் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். பலவற்றில் பாதாம் 2, 3 சதவிகிதம்தான், மீதி தண்ணீர், சீனி, கெட்டியாக்கும் பொருள். அவசரத்துக்குப் பரவாயில்லை. ஆலயத்தில் கொடுக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாங்களே கைப்பட அறிந்திருக்க விரும்பினோம்.

எங்கள் கணக்கு இது. 1 கிலோ பாதாம், 6 லிட்டர் தண்ணீர். ஏறக்குறைய 40 பேருக்கு ஆளுக்கு 150 மில்லி வரும். வீட்டுக்கு என்றால் ஒரு கப் பாதாமுக்கு நான்கு கப் தண்ணீர்.

பாதாமை முதலில் பரப்பிப் பார்த்துப் பொறுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாசம் அடிப்பது எல்லாம் குப்பைக்கு. "கழுவினா போயிடும்"னு நினைக்காதீங்க. கச்சான் வாங்கினால் இன்னும் கவனம். நம்ம ஊர் ஈரப்பதத்தில் கொட்டை வகைகளில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அது விடும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு சாதாரணக் கொதியில் அழியாது. 1988இல் பேராவில் அரிசி மீ சாப்பிட்ட பிள்ளைகளில் 13 பேர் இறந்து போனார்கள். அப்போது பெரிய சந்தேகம் விழுந்தது இந்த நஞ்சின் மேல்தான். ஒரு கைப்பிடி கொட்டையைத் தூக்கி எறிவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

பொறுக்கியதை 8 மணி நேரம் ஊற வையுங்கள். இரவு ஊறப்போட்டால் குளிர்பெட்டிக்குள் வையுங்கள், நம்ம வெயிலுக்கு வெளியே வைத்தால் புளித்த வாடை வந்துவிடும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒரு நிமிஷம் சுடுதண்ணீரில் போட்டு எடுத்தால் தோல் விரலில் வழுக்கிக்கொண்டு வரும். தோலோடு அரைத்தாலும் தப்பில்லை, பால் கொஞ்சம் மங்கலா, துவர்ப்பா இருக்கும்.

பிளெண்டரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். முதலில் பாதித் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிஷம் ஓட்டி, மோட்டார் சூடு ஆறவிட்டு, மீதித் தண்ணீர் ஊற்றி இன்னொரு நிமிஷம். கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடியை அழுத்தி ஓட்டவே கூடாது, ஆவி மூடியைத் தள்ளிக் கையைச் சுட்டுவிடும்.

ஒரு முக்கியமான விஷயம். வீட்டில் சம்பல் பிளாச்சானும் பூண்டும் அரைக்கும் ஜாரில் இதைச் செய்யாதீர்கள். எவ்வளவு தேய்த்தாலும் வாசம் பாலில் ஏறும். பிளேடுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷரைக் கழற்றிப் பாருங்கள், பழைய மசாலா எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். மடப்பள்ளிக்கு என்று ஒரு தனி ஜார் வைத்திருக்கிறோம். அதில் பசும்பாலும் படாது.

வடிகட்டப் புது வெள்ளை வேட்டித் துணியைத் துவைத்துக் காயவைத்து வைத்திருக்கிறோம். மெஷின் அரைத்துக் கொடுக்கும், பிழிவது கைதான். இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கினால் சக்கை உதிரியாக வந்துவிடும். சக்கையைக் கொட்டாதீர்கள். தேங்காய்த் துருவலோடு வதக்கி, கூலா மலாக்கா பாகில் போட்டு உருண்டை பிடித்தால் பிள்ளைகள் தட்டைக் காலி பண்ணிடுவாங்க.

சூடாக்கும்போது இளந்தீ. ஒரு பாண்டான் இலை முடிச்சு, ஏலக்காய், கொஞ்சம் குங்குமப்பூ. கைவிடாமல் கிண்டணும். தளதளவென்று கொதிக்கவிட்டால் திரிந்த மாதிரி பிரிந்துவிடும். தேங்காய்ப்பால் பாயசத்துக்கும் இதே விதிதான், முதல் பாலை அடுப்பை அணைக்கிற நேரத்தில்தான் ஊற்றணும்.

இதற்கென்றே தனி மெஷினும் இருக்கிறது. 1994இல் சீனாவின் ஜோயோங் நிறுவனம் சோயாப்பாலுக்காகத் தானியங்கி இயந்திரம் செய்தது. இன்று கடையில் கிடைக்கும் கொட்டைப்பால் மெஷின்கள் பல அந்த வழியில் வந்தவைதான். அரைப்பதும் சூடாக்குவதும் ஒரே பொத்தானில் முடிந்துவிடும். வீட்டில் இரண்டு மூன்று பேருக்குச் சௌகரியம், 40 பேருக்குக் கட்டாது. சோயா போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பாதாமைப் போல சோயாவைப் பச்சையாக அரைத்துக் குடிக்கக் கூடாது. நன்றாகக் கொதித்தே ஆகணும்.

செய்த பாலை வெளியே வைத்துவிட்டுப் பூஜைக்குப் போய்விடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை எளிமையானது. சூடாக வைப்பது 60 டிகிரிக்கு மேல், குளிராக வைப்பது 5 டிகிரிக்குக் கீழ், இரண்டுக்கும் நடுவில் 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதனால்தான் இரண்டாம் காலப் பூஜை தொடங்கும்போதுதான் நாங்கள் அடுப்பைப் பற்ற வைக்கிறோம். வீட்டில் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

இரண்டு விஷயத்தை அம்மாமார்கள் கட்டாயம் மனதில் வைக்கணும்.

ஒன்று, ஒரு வயசு நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ டாக்டர் சொன்ன பால் மாவுக்கோ பதிலாக இதைக் கொடுக்கவே கூடாது. பசும்பாலில் 100 மில்லிக்கு 3 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. கடைப் பாதாம் பாலில் பெரும்பாலும் ஒரு கிராம் கூட இல்லை. வீட்டில் செய்வதில் சுண்ணாம்புச் சத்தும் தனியாகச் சேர்ப்பதில்லை. வெள்ளையாக இருப்பதெல்லாம் பிள்ளைக்குப் பால் ஆகாது. சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1939லேயே சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் நின்று, இனிப்பூட்டிய டின் பாலைக் கைக்குழந்தைக்கு ஏற்ற உணவு என்று விற்பதைக் கொலை என்றே பேசினார். டின் பாலைக் கரைத்துக் கொடுத்த காலத்தைப் பார்த்த பாட்டிகள் நம்மிடம் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டு, பால் ஆகாத பிள்ளைக்கு உதவுகிற பாதாமே இன்னொரு பிள்ளைக்கு ஆபத்தாகலாம். கொட்டை ஒவ்வாமை கடுமையானது, மூச்சையே அடைக்கும். நம்ம நாட்டு உணவு விதிகள் 1985, பால், கொட்டை, முட்டை போன்றவை இருந்தால் பெட்டியில் எழுதச் சொல்கிறது. கடைக்காரர் எழுதும்போது ஆலயம் எழுதக் கூடாதா? அதனால் இப்போது எங்கள் மேசையில் மூன்று பாத்திரம், மூன்று அட்டை. முதலாவது: பசும்பால், பாதாம். இரண்டாவது: பாதாம் மட்டும், மாட்டுப்பால் இல்லை. மூன்றாவது: சுக்கு மல்லிக் காப்பி, பாலும் இல்லை, கொட்டையும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி, தனி ஆள். கரண்டி மாறக் கூடாது என்பதற்காகவே ஆளை மாற்றுவதில்லை. அட்டை தமிழிலும் மலாயிலும் இருக்கும். சந்தேகம் என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள், பிரசாதத்தை வேண்டாம் என்று சொன்னதாக யாரும் நினைக்க மாட்டோம்.

போன சிவராத்திரிக்கு அந்தப் பையன் வந்தான். அம்மா அட்டையை இரண்டு முறை படித்தார், கரண்டியையும் பார்த்தார், அப்புறம்தான் தலையசைத்தார். பையன் ஒரு கப் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். அன்று இரண்டாவது பாத்திரத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பாட்டிகள்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடணும். பாதாம் விலை கூடுதல்தான். அதனால்தான் எல்லாருக்கும் இதையே கொடுக்கவில்லை, தேவைப்படுகிறவர்களுக்குத் தனிப் பாத்திரம். அன்னதானப் பாயசத்துக்கு முந்திரி போடாத தேங்காய்ப்பால் போதும், பாசாரில் கண்முன்னே பிழிந்து கொடுக்கிறார்கள். தேங்காய் ஒத்துக்கொள்ளாதவர்கள் அபூர்வம், இருந்தால் அவர்களும் சொல்லிவிடுங்கள்.

அடுத்த சிவராத்திரிக்கு எங்களுக்கு ஆள் வேணும். முதல் நாள் மாலை பாதாம் பொறுக்க நான்கு பேர், மறுநாள் மாலை தோல் உரிக்க நான்கு பேர், ராத்திரி பிழிய கை வலு உள்ள இரண்டு தம்பிமார்கள். பாதாம் உபயம் செய்ய விரும்புகிறவர்கள் ஆலய அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். வீட்டில் யாருக்காவது பாலோ கொட்டையோ ஆகாது என்றால் வருவதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர்களையும் கணக்கில் சேர்த்தே ஊறப்போடுவோம்.

திருச்சிற்றம்பலம்.