பதினைஞ்சில பதின்மூண்டு

என்ர போனில் வால்யூமுக்குப் பதினைந்து படி இருக்கிறது. வீட்டில் மெற்றல் கேட்டால் பதின்மூன்றில் வைப்பேன். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் ஏறினால் பதினான்கு. இடையில் ஓரிடத்தில், "இதற்கு மேல் போனால் காதுக்குக் கூடாது" என்று போன் ஒரு எச்சரிக்கை காட்டும். அதை வாசிக்காமலே ஓகே குடுக்கிறதுக்கு விரல் பழகிவிட்டது.

போன வருசத்துக்கு முந்தின வருசம், ஒரு விடிய ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கினேன். றோட்டில் ஒரு சனமும் இல்லை. ஆனாலும் "ங்ங்ங்" எண்டு மெல்லிசாய் ஒரு சத்தம். எங்கேயோ கரண்ட் ட்ரான்ஸ்போமர் இரையுது எண்டு நினைத்துக்கொண்டு நடந்தேன். றூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சத்தம் அங்கேயும் இருந்தது. தலையணைக்குள் முகத்தை வைத்தேன். அங்கேயும்.

எங்கட அப்பாவுக்கு இடது காது கேக்காது. தொண்ணூறுகளில் பின்வளவுக்குள் ஒரு ஷெல் விழுந்தது. உடம்பில் ஒரு கீறல் கூட இல்லை, காது மட்டும் போனது. கேக்காத காதுக்குள் ஒரு சில்வண்டு இருக்கிறதாக அவர் சொல்லுவார். ராவில் ஊர் அடங்கின பிறகுதான் அது கத்தத் தொடங்குமாம். சின்ன வயதில் இருந்தே நானும் அண்ணாவும் சாப்பிட இருந்தால் அவருடைய வலப்பக்கத்துக்குத்தான் அடிபடுவோம். இடப்பக்கத்தில் இருந்து கதைத்தால் பதில் வராது.

இரண்டு நாளில் என்னுடைய சத்தம் அடங்கிவிட்டது. காது மூக்கு தொண்டை கிளினிக்கில் காட்டி, டெஸ்டும் எடுத்தேன். கேட்கும் திறன் நோமல், சத்தத்தைக் குறை என்றார்கள். அப்பாவுக்கு இதை இன்றுவரை சொல்லவில்லை. இந்த எழுத்து அவருடைய கண்ணில் படாது என்ற துணிவில்தான் எழுதுகிறேன்.

சத்தத்தைக் குறை என்பது சொல்ல லேசு. குறைத்தால் மெற்றலில் முதல் காணாமல் போவது பேஸ்தான். பேஸ் போனால் மிஞ்சுவது தகரத்தில் மழை பெய்வது போன்ற சிம்பல் சத்தமும் ஒருத்தர் கத்துவதும். அதுக்காகத்தான் நான் பதின்மூன்றுக்குப் போனதே. ஏன் அப்படி என்று தேடின போதுதான் விசயம் விளங்கியது. 1933-இல் பிளெச்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அளந்து காட்டியது இது: மெல்லிய சத்தத்தில் மனுசக் காதுக்கு அடிக்குரல் ஒலிகள் சரியாகக் கேட்காது. சத்தம் கூடக் கூடத்தான் அவை மற்ற ஒலிகளோடு சமமாக வரும். பேஸ் குறைந்த ஹெட்செட்டில் நாங்கள் பேஸைத் தேடி வால்யூமைக் கூட்டுகிறோம். ஆனால் வால்யூம் பேஸை மட்டும் கூட்டுவதில்லை, சிம்பலையும் சேர்த்துத்தான் கூட்டுகிறது. பஸ்ஸில் இன்னும் மோசம். எஞ்சின் இரைச்சலும் அதே அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. அது பேஸை விழுங்கிவிடும்.

அப்போது என்னிடம் இருந்தது ஒரு மலிவு ஐ.ஈ.எம். மேடையில் பாடுகிறவர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்கக் காதுக்குள் செருகும் சாமானின் குடும்பம் அது. பெட்டியில் ஏதோ பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். வாங்கின புதிதில் எல்லாம் மின்னுவது போல இருந்தது. அண்ணா கட்டாருக்குப் போகேக்க விட்டிட்டுப் போன பென் டிறைவில் இருந்த பாட்டுக்களைத்தான் அதில் கேட்டேன். மெற்றலிக்கா, ஓபெத், கொஜிரா, மெஷுக்கா. 2022-இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் கட் ஆன நாட்களில், பான் இல்லாத இருட்டில், நுளம்புக்குப் போர்த்துக்கொண்டு கேட்டதெல்லாம் இதுதான். அந்தக் காலத்தில் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் எனக்கு விசர் பிடித்திருக்கும். அதனால் மெற்றலை விடு, மெலடி கேள் என்று யாரும் அறிவுரை சொல்ல வரவேண்டாம்.

சரி, பேஸ் கூடின ஒன்றை வாங்கினால் முடிந்ததா? நானும் அப்படித்தான் நினைத்தேன். கூட்டாளி ஒருத்தி தன்னுடைய "எக்ஸ்ட்ரா பேஸ்" ஹெட்செட்டைத் தந்தாள். சினிமாப் பாட்டுக்கு நெஞ்சு அதிர்ந்தது. மெஷுக்காவின் 'பிளீட்' போட்டேன். சோத்துப் பானைக்குள் யாரோ அகப்பை போட்டுக் கிண்டுவது போல் இருந்தது.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் போகும் பாட்டில், ஒரு அடிக்கு நாலு தரம் டபுள் கிக் விழுந்தால் செக்கனுக்குப் பதின்மூன்று உதை. ஒரு உதைக்கும் அடுத்ததுக்கும் இடையில் 75 மில்லிசெக்கன். கிக் ட்ரம்மின் அடிச் சத்தம் 60 ஹேர்ட்ஸ் அளவில் என்று வைத்தால், அந்த இடைவெளிக்குள் அலை நாலரைத் தரம்தான் ஆடி முடியும். முதல் உதையின் அதிர்வு அடங்காமல் இழுபட்டால் இரண்டாவது அதுக்கு மேலேயே வந்து விழும். பிறகு உதை எது, இடைவெளி எது என்று தெரியாது.

அதைவிட முக்கியம் பேஸ் எந்த இடத்தில் நிற்கிறது என்பது. சாதாரண சுருதியில் கிற்றாரின் தடித்த கம்பி 82 ஹேர்ட்ஸ். பேஸ் கிற்றாரின் தடித்த கம்பி அதில் பாதி, 41. மெஷுக்கா மாதிரி எட்டுக் கம்பிக்காரரின் கிற்றாரே கிட்டத்தட்ட அந்த ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆனால் நாங்கள் 'ரிஃப்' என்று கேட்டு ரசிப்பதில் பெரும்பகுதி அந்தக் கம்பியின் அடிச்சுரம் இல்லை. டிஸ்டோஷனில் அதுக்கு மேலே முளைக்கும் சுரங்களின் கூட்டம். 200-இல் இருந்து 400 ஹேர்ட்ஸ் வரைக்கும் கிற்றாரின் உடம்பு இருக்கிறது. கூட்டாளியின் ஹெட்செட்டில் பேஸ் அந்த இடம்வரை ஏறி வந்து கிற்றாரின் மேலே குந்திவிட்டது. மெற்றலுக்குத் தேவையான கூடின பேஸ் என்பது 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே மட்டும் கூடின பேஸ். அதற்கு மேலே வரைபு மட்டமாக வந்துவிட வேண்டும்.

மற்றது ட்ரெபிள். இங்கே எனக்கு ஏ.எல் பௌதிகம் கை கொடுத்தது. ஒரு முனை மூடிய குழாயின் பரிவு மீடிறன் ஞாபகம் இருக்கிறதா? காதுத் துவாரமும் அப்படி ஒரு குழாய்தான். நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவு. ஒலியின் வேகத்தை நாலு மடங்கு நீளத்தால் பிரித்துப் பாருங்கள், 3000 ஹேர்ட்ஸ் சொச்சம் வரும். பிறந்ததில் இருந்து அந்த இடம் எங்களுக்குக் கொஞ்சம் தூக்கலாகத்தான் கேட்கிறது. ஐ.ஈ.எம்மைச் செருகினால் குழாய் அடைபட்டு அந்த இயற்கைப் பரிவு மாறிவிடும். அதனால் செய்கிறவர்கள் 3000-ஐச் சுற்றி ஒரு மேட்டைத் தாங்களே வைக்கிறார்கள். அந்த மேடு வேண்டும், இல்லாவிட்டால் குரல் போர்வைக்குள் இருந்து வரும். பிரச்சினை அதற்கு அங்கால், 5000-இல் இருந்து 8000 வரை எழும்பும் கூரான முட்கள். சிம்பலின் "த்ஸ்ஸ்" அங்கேதான் இருக்கிறது. என்னுடைய பழைய சாமானில் மின்னினது அந்த முட்கள்தான். மெலடிப் பாட்டில் சிம்பல் எப்பவாவது வரும், மின்னினால் வடிவு. மெற்றலில் ஒரு மணித்தியாலத்துக்கு அது நிற்காது. ஸ்மூத் என்று ரிவியூக்காரர் சொல்வது முட்கள் இல்லாமல் இறங்கிப் போகும் ட்ரெபிளை. மந்தமான ட்ரெபிளை இல்லை. கிக் ட்ரம்மின் 'டிக்' என்ற முனை 3000, 4000 பக்கத்தில் இருக்கிறது. அதை வெட்டினால் டபுள் கிக் திரும்பவும் பானைக்குள் போய்விடும்.

ஒரு விசர் வேலையையும் சொல்லவேண்டும். பேஸ் எப்படி என்று பார்க்க நான் ஒவ்வொரு ஹெட்செட்டிலும் போட்டுப் பார்த்தது மெற்றலிக்காவின் '...அன்ட் ஜஸ்ரிஸ் போ ஓல்'. எதிலும் பேஸ் கிற்றார் கேட்கவில்லை. எல்லாச் சாமானும் பழுது எண்டு முடிவு கட்டினேன். 1988-இல் வந்த அந்த அல்பத்தின் மிக்ஸிங்கில் ஜேசன் நியூஸ்ரெட்டின் பேஸை கிட்டத்தட்ட இல்லாமலே ஆக்கிவிட்டார்கள் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த கதை. எனக்குத்தான் தெரியாது. அதே ஆட்களின் 2008 'டெத் மக்னற்றிக்' இன்னொரு வகை. சத்தத்தை அளவுக்கு மேலே ஏற்றி, அலையின் தலையே வெட்டுப்பட்டிருக்கும். எந்த ஐ.ஈ.எம்மாலும் அதை ஸ்மூத் ஆக்க ஏலாது. சோதிக்கிறதென்றால் ஓபெத்தின் 'பிளாக்வோட்டர் பார்க்' நல்லது. மெல்லிசான கிற்றாரும் முழு இரைச்சலும் ஒரே பாட்டுக்குள் மாறி மாறி வரும். கொஜிராவின் 'ஃப்றொம் மார்ஸ் டு சிரியஸ்' கிக் ட்ரம்முக்கு.

இங்கே கடையில் காதில் வைத்துப் பார்த்து வாங்கும் வசதி எனக்குக் கிடைக்கவில்லை. வரைபை நம்பித்தான் ஓடர் பண்ணினேன். ஷோன் ஓலிவின் குழு ஹாமனில் ஆட்களை இருத்திக் கேட்கவைத்து வரைந்த ஒரு வரைபு இருக்கிறது. இப்போது வருகிற நல்ல மலிவுச் சாமான்களில் பல அதை ஒட்டி, அல்லது அதில் இருந்து கொஞ்சம் விலகிச் செய்தவை. என் கையில் இருந்த காசுக்கு இரண்டுதான் மிஞ்சியது. மூன்ட்ரொப் சூ 2, இருபது டொலருக்குக் கிட்ட. செவன் ஹேர்ட்ஸ் ஸீரோ 2, இருபத்தைந்து. இரண்டாவது சிங்கப்பூர் ரிவியூக்காரர் கிறினக்கிளோடு சேர்ந்து செய்தது. முதல் ஸீரோவைவிட அடியில் கூடத் தந்து, மேலே சாந்தமாக்கியிருந்தார்கள். சூ 2 கொஞ்சம் வெளிச்சமான பக்கம். ஐம்பத்தைந்து டொலர் ட்ரூத்தியர் ஸீரோ ரெட்டும் ஆசை காட்டியது. அதோடு வரும் 10 ஓம் அடப்டரைப் பூட்டினால் பேஸ் இன்னும் ஏறும். அப்போது ஒரு டொலர் 300 ரூபா அளவு. ஆசையை அடக்கிக்கொண்டு ஸீரோ 2 எடுத்தேன். காசிருக்கிற ஆட்கள் ரெட்டைப் பாருங்கள்.

வந்த முதல் நாள் ஏமாற்றம். பேஸே இல்லை. பிறகுதான் விளங்கியது, பிழை ரப்பரில். நடு சைஸ் ரப்பர் என்ர காதுக்குள் இறுகவில்லை. சின்ன ஓட்டை இருந்தாலும் பேஸ் அதால் ஓடிவிடும். சின்ன சைஸைப் போட்டு, காதை மேலே இழுத்துச் செருகினேன். கதைத்துப் பார்த்தால் என்ர குரல் கிணத்துக்குள் இருந்து வந்தது. அப்படி வந்தால் சரியாக அடைபட்டிருக்கு எண்டு அர்த்தம். ரிவியூ நூறு வாசிப்பதைவிட, பெட்டிக்குள் இருக்கும் எல்லா ரப்பரையும் மாற்றிப் பார்ப்பது பிரயோசனம். அடைபட்டால் பஸ் இரைச்சலும் பாதி வெளியே நிற்கும்.

அதற்கு மேலும் பேஸ் வேண்டுமென்றால் போனில் ஈ.க்யூ இருக்கிறது. அன்ட்ரொயிட்டில் நான் வேவ்லெற் பாவிக்கிறேன். 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே மூன்று டெசிபெல் ஏற்றினால் மொத்தச் சத்தத்தையும் மூன்று இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 'டெத் மக்னற்றிக்'குக்கு நடந்ததை நீங்களே மற்றப் பாட்டுக்களுக்கும் செய்வீர்கள்.

இப்போது வீட்டில் ஆறு, பஸ்ஸில் எட்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபெல் என்றால் கிழமைக்கு நாற்பது மணித்தியாலம். ஒவ்வொரு மூன்று டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 83-க்கு இருபது, 86-க்குப் பத்து, 89-க்கு ஐந்து. என்ர பதினான்காம் படி எத்தனை டெசிபெல் என்று நான் அளந்ததில்லை. ஐந்து மணித்தியாலம் என்றால் பஸ் வவுனியாவைத் தாண்டியிருக்கும், ஆனால் கொழும்புக்கு இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது.

போன லீவுக்கு வீட்டை போனபோது அப்பா வயரைப் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளை, இதென்ன புதுசு? காதைப் பழுதாக்க காசு குடுத்து வாங்கிறியோ?"

"கேட்டுப் பாருங்கோவன் அப்பா."

வலப்பக்கத்தை எடுத்து வலது காதில் வைத்துவிட்டேன். இடப்பக்கம் அவருடைய சேட்டில் தொங்கியது. 'பிளாக்வோட்டர் பார்க்'கில் கிற்றார் மட்டும் வருகிற ஓரிடத்தைப் போட்டேன். தலையை ஆட்டினார். "நல்லாத்தானே இருக்கு." நான் நிப்பாட்ட முதல் அந்த உறுமல் வந்துவிட்டது. திடுக்கிட்டுக் கழற்றினார்.

"ஆருக்கு என்ன நடந்தது?"

அம்மா குசினிக்குள் இருந்து சிரித்தா. அப்பா சிரிக்கவில்லை. போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வால்யூம் பட்டனை அமத்தி அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"இது எத்தினையில கிடக்கு?"

"ஆறில."

"எத்தினைக்கு ஆறு?"

"பதினைஞ்சுக்கு."

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது காதில் திரும்பவும் வைத்தார். "முதல் போட்டதைப் போடு," என்றார். "மற்றவன் கத்த முதல் சொல்லு."