அழையாத பக்கவாத்தியம்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டையூசி வளைவுகள். நமது மோட்டார் ஏறுகையில், பட்டம்மாள் பாடும் பாரதி பாட்டுடன் ஒரு கீச்சொலியும் சேர்ந்துகொள்ளும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதன் சுருதி ஏறும், விட்டால் இறங்கும்.

"கூட யாரடா அழுகிறது?" என்றார் தாயார்.

பாட்டுப் பெட்டியைப் பழித்து, புதிது வாங்கவும் துணிந்தோம். மெக்கானிக் ஒலியை அடியோடு குறைத்தார். பாட்டு அடங்கிற்று, கீச்சு அடங்கவில்லை. "பெட்டி நிரபராதி, ஐயா!" என்றார்.

ஆசனத்தின் கீழ் ஆம்ப்ளிபயரின் பூமிக் கம்பி பெயிண்டின் மீதே முடுக்கப்பட்டிருந்தது. திரும்பும் வழி சரியில்லாமையால் ஆல்டர்னேட்டரின் மின்னலை பாட்டில் புகுந்திருக்கிறது. பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் முடுக்கியதும் கீச்சொலி மறைந்தது.

அடுத்த முறை ஏலத்தோட்டங்களினிடையே தாயார் கண்மூடிக் கேட்டார். நமக்கோ, வகுப்பில் காரணம் விசாரியாமலே நாம் கடிந்துகொண்ட பிள்ளைகளின் முகங்கள் நினைவுக்கு வந்தன.