பைத்தியம் என்று மட்டும் சொல்லாதீர்கள்!

கட்சிக்காரரின் உயிரைக் காப்பாற்ற ஒரு வழிதான் இருக்கிறது. அவர் மனநோயாளி என்று கோர்ட்டில் காட்ட வேண்டும். அவரோ, மரண தண்டனை கிடைத்தாலும் சரி, பைத்தியம் என்ற பெயர் வேண்டாம் என்கிறார். வக்கீல் என்ன செய்வார்?

கதையல்ல, அமெரிக்காவில் நடந்த வழக்குதான். டெட் கசின்ஸ்கி ஹார்வர்டில் படித்தவர், பெர்க்லியில் கணிதம் கற்பித்தவர். வேலையை விட்டுவிட்டு மொன்டானா காட்டில் மின்சாரம்கூட இல்லாத மரக் குடிசையில் தனியாக வாழ்ந்தார். 1978 முதல் 1995 வரை அவருடைய வெடிகுண்டுகளால் 3 பேர் இறந்தார்கள், 23 பேர் காயமடைந்தார்கள். 1996 ஏப்ரலில் பிடிபட்டார். அரசுத் தரப்பு மரண தண்டனை கேட்டது.

அவருடைய வக்கீல்கள் குவின் டென்விரும் ஜூடி கிளார்க்கும். ஜூரிக்குக் காட்டுவதற்காக அந்தக் குடிசையையே லாரியில் ஏற்றி சாக்ரமென்டோவுக்குக் கொண்டுவரச் செய்தார்கள். இப்படி வாழ்பவர் மனநலத்தோடு இருக்க முடியுமா என்று கேட்பதுதான் திட்டம்.

கசின்ஸ்கி கொதித்துப் போனார். தொழில்நுட்பத்துக்கு எதிராக அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1995-ல் வாஷிங்டன் போஸ்டில் வெளிவந்திருந்தது. எழுதியவர் பைத்தியம் என்றால் எழுத்தும் உளறல்தானே! வக்கீல்கள் இந்தத் திட்டத்தைத் தன்னிடம் மறைத்துவிட்டார்கள் என்றும் குற்றம் சாட்டினார். தன் வழக்கைத் தானே வாதாடுகிறேன் என்றார்.

கோர்ட் அனுப்பிய மனநல மருத்துவர் அவருக்கு மனச்சிதைவு நோய் என்றார். ஆனால் விசாரணையை எதிர்கொள்ளும் தெளிவு இருக்கிறது என்றும் சொன்னார். ஆனாலும் தானே வாதாட நீதிபதி அனுமதிக்கவில்லை. 1998 ஜனவரி 22 அன்று கசின்ஸ்கி குற்றத்தை ஒப்புக்கொண்டார். பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. நிர்ப்பந்தத்தால் ஒப்புக்கொண்டேன் என்று பிறகு அப்பீல் செய்தார், 2001-ல் தள்ளுபடியானது. 2023-ல் சிறைக் காவலிலேயே இறந்தார்.

வக்கீல்கள் ஜெயித்தார்களா, தோற்றார்களா? உயிர் பிழைத்தது உண்மை. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, பாருங்கள். "எனக்கு நோய் இல்லை" என்று ஒருவர் சொன்னால் அதுவே நோயின் அறிகுறி ஆகிவிடுகிறது. அப்புறம் அவர் என்ன சொன்னாலும் எடுபடாது.

2018-ல் மெக்காய் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கட்சிக்காரர் மறுக்கும்போது அவர்தான் கொன்றார் என்று வக்கீல் ஜூரியிடம் ஒப்புக்கொள்ளக் கூடாது என்றது. மனநோய் வாதத்துக்கும் அந்த நியாயம் பொருந்த வேண்டும். விசாரணைக்குத் தகுதியானவர் என்று கோர்ட்டே சொன்ன பிறகு, தன் வாதம் எது என்று தீர்மானிக்க மட்டும் தகுதியற்றவர் ஆகிவிடுவாரா?

வக்கீல் போராடத்தான் வேண்டும். ஆனால் அந்தப் போராட்டம் முதலில் சிறை அறையில், கட்சிக்காரரோடு, ஒளிவுமறைவில்லாமல் நடக்க வேண்டும். ஜூரி அதற்கப்புறம்தான்.