ஜிம்மியின் முடியும் அம்மாவின் மிஷினும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)

நன்றியுள்ள பிராணி எது என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட "நாய்" என்று சொல்லிவிடும். ஆனால் அந்த நன்றியோடு இலவச இணைப்பாக இன்னொன்றும் வீட்டுக்கு வருகிறது என்பதை எந்தப் பாடப் புத்தகமும் சொல்வதில்லை. அதுதான் முடி! பாயில் முடி, போர்வையில் முடி, சோற்றுத் தட்டில் முடி, சட்டைப் பையில் முடி... நாய் வளர்க்கும் வீட்டிலிருந்து காலேஜுக்கு வருகிறவனை அவன் பேண்ட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். எங்கள் வகுப்பில் மட்டும் நான்கு பேர் இருக்கிறோம்.

இந்த மலருக்குக் காதல் கவிதை எழுதிக் கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் நாய் முடியைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள் நண்பர்களே! எங்கள் வீட்டில் இது சோற்றுப் பிரச்சினை.

அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். வீடு என்பது ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அந்த அறையில்தான் மிஷின். நாங்கள் நால்வரும் படுப்பது அங்கேதான். ஜிம்மியும் அங்கேதான். அது வெள்ளைப் பொமரேனியன். அப்பா வாட்ச்மேனாக இருந்த பங்களாக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது, "நீங்களே வச்சுக்கங்க" என்று விட்டுவிட்டுப் போனார்கள். அங்கே அதற்குத் தனி அறை இருந்ததாம். இங்கே மிஷினுக்கு அடியில் இடம். மிதியில் அம்மாவின் கால் ஆட ஆட அந்தக் காற்றில் சுகமாகத் தூங்கும்.

போன வருஷம் ஐப்பசியில், தீபாவளி ஆர்டர் குவிந்திருந்த நேரத்தில், வாடிக்கைக்கார அம்மாள் ஒருவர் கறுப்புப் பட்டு பிளவுஸைத் திருப்பிக் கொண்டுவந்தார். "என்னக்கா இது, நரைமுடி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது? இதப் போட்டுக்கிட்டு நான் எப்படி விசேஷத்துக்குப் போறது?" கூலி தரவில்லை. தைக்கக் கொடுத்திருந்த மற்ற இரண்டு துணிகளையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. "ஒண்ணு இந்த வீட்டுல மிஷின் இருக்கணும், இல்ல அது இருக்கணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, நம்ம வீட்லயே நீதான படிச்சவன். இதுக்கு ஒரு வழி சொல்ல மாட்டியா?" டிப்ளமோவில் நாய் முடிக்குத் தனிப் பேப்பர் இல்லை என்று சொல்லவா முடியும்? நான் ஒரு மாதம் டயம் கேட்டேன். அம்மா பொங்கல் வரைக்கும் கொடுத்தார்.

பக்கத்து வீட்டு அண்ணன்தான் முதல் யோசனை சொன்னார். "மொட்டை அடிச்சு விட்ருடா. வெயிலுக்கும் நல்லது." கேட்க நன்றாகத்தான் இருந்தது. எதற்கும் கேட்டுக்கொள்வோம் என்று ஜிம்மியை அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சிரித்தார். "மொட்டை அடிச்சா கொட்டறது நிக்காது தம்பி. நீளமா கொட்டறது குட்டையா கொட்டும். துணியில இன்னும் நல்லாக் குத்திக்கும்."

பிறகு விவரமாகச் சொன்னார். பொமரேனியனுக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமான, முரட்டு மேல்முடி. அடியில் பஞ்சு மாதிரி உள்முடி. இந்த இரண்டு அடுக்குக்கும் நடுவே நிற்கிற காற்றுதான் அதற்குக் குளிருக்கும் வெயிலுக்கும் காப்பு. தோல் தெரிய வழித்துவிட்டால் வெயில் நேராகத் தோலைச் சுடும். சில நாய்களுக்கு வழித்த இடத்தில் முடி பழையபடி வளராமல் திட்டுத் திட்டாக நின்றுவிடுவதும் உண்டு. (தெர்மல் இன்சுலேஷன் படித்த நமக்கு இது புரியாதா என்ன?)

முடி ஏன் கொட்டுகிறது? ஒவ்வொரு முடிக்கும் வளரும் காலம், ஓய்வுக் காலம், விழும் காலம் என்று ஒரு சுற்று இருக்கிறது. இதை முடுக்கிவிடுவதில் பகல் வெளிச்சத்தின் நீளத்துக்குப் பெரிய பங்கு உண்டு, வெயில் குளிருக்கும் உண்டு. லண்டன் மாதிரி ஊரில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் 8 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். அங்கே வருஷத்தில் இரண்டு முறை மொத்தமாகக் கொட்டித் தீர்க்கும். எங்கள் மதுரையில் அந்த வித்தியாசம் 1 மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். போதாததற்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் டியூப் லைட் வேறு. அதனால் ஜிம்மி மாதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாய்க்கு சீசன் என்பது தெளிவாகக் கிடையாது. வருஷம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

ஆகவே, கொட்டுவதை நிறுத்த முடியாது. அப்படியானால் எங்கே பிடிப்பது?

இந்தக் கேள்விக்கு விடை நம் ஒர்க்‌ஷாப்பிலேயே இருக்கிறது. லேத்தில் கடையும்போது வரும் சிப்ஸை எங்கே பிடிக்கிறோம்? மிஷினுக்கு அடியில் உள்ள தட்டில். அதை ஷெட் முழுக்கப் பரவவிட்டு சாயந்திரம் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறோமா? நாய் முடியும் அப்படித்தான். விழப்போகிற முடி நாயின் மேலேயே தளர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதை அங்கேயே வாரி எடுத்துவிட்டால் அது பாய்க்கு வராது, பிளவுஸுக்கும் வராது.

வளைந்த கம்பி வைத்த ஒரு பிரஷ்ஷும் ஒரு ஸ்டீல் சீப்பும் வாங்கினேன். தினமும் காலையில் பத்து நிமிஷம், வாசலில் வைத்து வாருவது என்று ஏற்பாடு. மேலோட்டமாகத் தடவினால் பிரயோஜனமில்லை. ஒரு கையால் முடியை விலக்கிப் பிடித்து, தோல் தெரிகிற வரைக்கும் வகிடு எடுத்து, வரிசை வரிசையாக வார வேண்டும். அப்போதுதான் உள்முடி வரும். காதுக்குப் பின்னால், அக்குளில், பின்தொடையில் சிக்கு விழும். அங்கே மெதுவாக. குளிப்பாட்டுவதாக இருந்தால் வாரிய பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். நனைந்தால் சிக்கு இறுகிவிடும். நாம் போடும் சோப்பு அதற்கு ஆகாது. நாய்த் தோலின் தன்மை வேறு. அடிக்கடி குளிப்பாட்டினாலும் தோல் வறண்டு அரிப்பு எடுக்கும்.

சுவரில் ஆணி அடித்து இரண்டு பாலிதீன் கவர் மாட்டினேன். ஒன்றில் 'சீப்பு' என்று எழுதினேன், மற்றதில் 'துடைப்பம்' என்று. வாரி எடுத்தது ஒன்றில், கூட்டி எடுத்தது மற்றதில். முதல் வாரம் இரண்டுமே உப்பிக் கிடந்தன. மூன்றாவது வாரம் சீப்புக் கவர் மட்டும்தான் உப்பியது. துடைப்பக் கவரில் ஒரு பிடிகூட இல்லை. அம்மா தினமும் இரண்டையும் தொட்டுப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார்.

அப்படியும் தப்பி விழுகிற முடி இருக்கத்தானே செய்யும்? வாக்குவம் கிளீனர் வைத்து சோபாவை இழுத்து எடுக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் வாக்குவம் கிளீனரும் இல்லை, சோபாவும் இல்லை! நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் கூட்டுவது. பூந்துடைப்பத்தை வீசிப் பெருக்கினால் முடி எழும்பிப் பறந்து வேறு இடத்தில் இறங்கும். அதனால் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒரே பக்கமாக இழுத்துத் துடைப்பது. பாய், போர்வைக்குப் பாத்திரம் துலக்கும் ரப்பர் கையுறை. அதைப் போட்டுக்கொண்டு ஒரே திசையில் இழுத்தால் முடி உருண்டு திரண்டு கையோடு வந்துவிடும். துவைக்கிற துணியை ஊறவைக்கும் முன்பே வெளியில் உதறிவிட வேண்டும். நனைந்த முடி துணியை விடாது.

பாலியஸ்டர் துணியில் மட்டும் ஏன் அப்படி ஒட்டுகிறது? நமக்குத் தெரிந்த சங்கதிதான், நிலை மின்சாரம்! முடியும் பாலியஸ்டரும் உரசும்போது ஒன்று நேர் மின்னேற்றமும் மற்றது எதிர் மின்னேற்றமும் பெறும். இரண்டும் இழுத்துக்கொள்ளும். காற்று வறண்டிருக்கும் நாட்களில் இது அதிகம். லேசான ஈரம் பட்டால் மின்னேற்றம் வடிந்துபோகும். ஈரத் துணியின் ரகசியத்தில் பாதி இதுதான்.

அடுத்தது மிஷின். ஊசித் தட்டைக் கழற்றிப் பார்த்தால், துணியை நகர்த்தும் பல் வரிசைக்கு அடியில் முடியும் நூல்தூசியும் எண்ணெயும் சேர்ந்து கம்பளி மாதிரி அடைந்திருந்தது. அந்தப் பல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் தெரியுமா? 'ஃபீட் டாக்'! நம் லேத்தில் ஜாப்பைச் சுற்ற வைப்பது 'லேத் டாக்'. இன்ஜினியரிங்கில் எங்கே போனாலும் நாய் கூடவே வருகிறது! இப்போது வாரம் ஒருமுறை தட்டைக் கழற்றி, பாபின் கேஸையும் பல்லையும் பிரஷ்ஷால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுவது என் வேலை. தைத்து முடித்த பிளவுஸ் அந்த நிமிஷமே கவருக்குள் போய்விடும். கடைசியாக ஒரு சோதனை. அகலமான டேப்பைப் பசை வெளியே தெரிகிற மாதிரி கையில் சுற்றி ஒரு ஒற்று. மிஷின் மூலைக்குக் குறுக்கே, பழைய கம்பி வலையில் இரண்டடி உயரத்துக்கு ஒரு தடுப்பும் செய்து வைத்தேன். ஜிம்மிக்கு அதில் வருத்தம்தான்.

இன்னும் இரண்டு விஷயம், டாக்டர் சொன்னது. முடி பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். வெறும் தயிர் சோறே போட்டு வளர்த்தால் முடி எப்படி நிற்கும்? அவித்த முட்டை, முள் எடுத்த மீன் என்று ஏதாவது சேர்க்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்பு கூடவே கூடாது, அவை நாய்க்கு விஷம். இரண்டாவது, எல்லா உதிர்வும் சாதாரண உதிர்வு அல்ல. வட்ட வட்டமாகச் சொட்டை, ஓயாத சொறிதல், சிவந்த தோல், உண்ணி... இவற்றைக் கண்டால் சீப்பை வைத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். படர்தாமரையாக இருந்தால் நமக்கும் தொற்றும்.

"நாய் முடியால இளைப்பு வரும்" என்பார்கள். முடி அதில் வெறும் வாகனம்தான். நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள சில புரதங்கள்தான் ஒவ்வாமைக்குக் காரணம். அதனால் முடி கொட்டாத ஜாதி நாய் வாங்கினால் தப்பிக்கலாம் என்பதும் நிச்சயமில்லை. வீட்டில் இளைப்புக்காரர்கள் இருந்தால் நாயைப் படுக்கைப் பக்கம் விடாமல், டாக்டரையும் கேட்டுக்கொள்வது நல்லது.

நாய் முடியைச் சீப்போடு உட்கார்ந்து பார்த்தவர்கள் சும்மா போனதில்லை. நம் ஊர் வேலியோரத்து நாயுருவி நாயின் மேல் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். பெயரே அப்படித்தான்! 1941-இல் ஸ்விட்சர்லாந்து இன்ஜினியர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல், தன் நாயின் முடியில் இப்படி ஒட்டிவந்த முள்காய்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். முனையில் குட்டிக் குட்டிக் கொக்கிகள்! அதிலிருந்து பிறந்ததுதான் செருப்பிலும் பையிலும் நாம் 'சர்ர்' என்று பிரிக்கிற வெல்க்ரோ. 1955-இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நாமும் தினமும்தான் பொறுக்குகிறோம்...

பொங்கல் வந்தது. அம்மா தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. போகிக்கு முந்தின நாள், மிச்சமான வெட்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு சின்ன மெத்தை தைத்து, துவைக்க வசதியாக அதற்கு இரண்டு உறையும் தைத்துத் தடுப்புக்கு வெளியே போட்டார். "அதுக்கும் ஒரு இடம் வேணும்ல" என்றார். அந்தக் கறுப்புப் பட்டு அம்மாள் திரும்பி வரவில்லை. பொங்கலுக்குத் தைத்துக் கொடுத்த பிளவுஸ் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

எனவே நண்பர்களே, அழகாக இருக்கிறது என்று குட்டியைத் தூக்கி வரும் முன், தினம் பத்து நிமிஷம் நம்மிடம் இருக்கிறதா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தூக்கி வந்துவிட்டவர்கள், முடி கொட்டுகிறது என்று அதைத் தெருவில் விட்டுவிடாதீர்கள். ஒரு சீப்பு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஒர்க்‌ஷாப்பில் என்னைக் கேளுங்கள். அடையாளம் சொல்ல வேண்டுமா? பேண்ட்டில் வெள்ளை முடி இல்லாதவன்!