‘சோம்பேறி’ ஊரின் சுறுசுறுப்பு வண்டி

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயரில், பிராட்போர்டு என்று ஒரு கம்பளி நகரம். அதன் ஓரத்தில் மேட்டின் மேல் இருக்கும் சிற்றூரின் பெயர் ‘ஐடில்’. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சோம்பேறி என்றும் பொருள்! ‘ஐடில் உழைப்பாளர் மன்றம்’ என்ற பெயர் அந்தப் பக்கத்தில் வெகு பிரசித்தம்.

ஆனால் பின்னாளில் அந்த ஊரில் உருவான ‘ஜோவெட்’ மோட்டார் சோம்பல் அறியாதது. பெஞ்சமின், வில்லியம் என்ற சகோதரர்கள் 1906-ல் முதல் வண்டியைச் செய்தார்கள். உடனே விற்க ஓடவில்லை. நான்கு வருஷம் ஓட்டி ஓட்டிப் பார்த்து, 1910-ல்தான் விற்பனைக்கு விட்டார்கள். இந்தக் காலத்தில் யாருக்கு வரும் அந்தப் பொறுமை!

எஞ்சினில் இரண்டே சிலிண்டர்கள். எதிரும் புதிருமாகப் படுத்திருக்கும். ஒன்றின் உதறலை மற்றொன்று தணித்துவிடும். 1920-களில் அதன் அளவு 907 சி.சி.தான். பிராட்போர்டைச் சுற்றி எங்கே திரும்பினாலும் மேடு. அந்த மேடுகளில் மூச்சு வாங்காமல் ஏறுவதுதான் அதன் பெருமை. வேகத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

1926-ல் முன்னாள் பார்லிமெண்டு அங்கத்தினர் பிராங்க் கிரே, ஜாக் சாயர் என்ற தோழருடன் இரண்டு ஜோவெட் கார்களில் ஆப்பிரிக்காவைக் குறுக்கே கடந்தார். லாகோஸில் புறப்பட்டு, செங்கடல் கரையில் மசாவா வரை பிரயாணம். வண்டிகளுக்கு வைத்த பெயர்கள்: ஒன்று ‘பொறு’, மற்றொன்று ‘பார்’! இரண்டும் போய்ச் சேர்ந்தன.

யுத்தத்துக்குப் பிறகு ஆசை பெரிதாயிற்று. ஜெரால்டு பாமர் வகுத்த ‘ஜாவலின்’ 1947-ல் வந்தது. நான்கு சிலிண்டர், வழவழப்பான உடல். 1949 மாண்டி கார்லோ பந்தயத்தில் தன் வகுப்பில் முதலிடம்! பேருக்குக் குறைவில்லை. வினை வேறு இடத்தில் காத்திருந்தது.

வண்டியின் உடலை டான்காஸ்டர் நகரில் பிரிக்ஸ் கம்பெனி செய்து அனுப்பி வந்தது. வெளியார் செய்து தந்த கியர் பெட்டியை ஜோவெட்காரர்கள் தாங்களே செய்யத் துணிந்தார்கள். அது சரியாக அமையவில்லை. பெட்டிகள் பழுதாகித் திரும்பின. உடல்களோ வந்து குவிந்துகொண்டே இருந்தன. உடல் இருக்கிறது, ஓட்டம் இல்லை! பிரிக்ஸ் உடல் அனுப்புவதை நிறுத்தியது. 1953-ல் அந்தக் கம்பெனியையே போர்டு வாங்கிக்கொண்டது. ஜோவெட் மறுபடி எழுந்திருக்கவில்லை. 1954-ல் தொழிற்சாலை கைமாறி, அங்கே டிராக்டர்கள் உருவாகத் தொடங்கின.

பிறகு டிராக்டரும் நின்றது, கட்டடமும் போயிற்று. அந்த இடத்தில் எழுந்தது ஒரு பெரிய பல்பொருள் அங்காடி. ஜோவெட்டையே பார்க்க வேண்டுமானால் பக்கத்து எக்கிள்ஸ்ஹில்லுக்குப் போகவேண்டும். அங்கே பழைய நூல் ஆலை ஒன்றில் அமைந்த பிராட்போர்டு தொழில் பொருட்காட்சிசாலையில், நூற்பு இயந்திரங்களுக்குத் துணையாக, மினுமினுவென்று துடைத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.