தலையெழுத்தும் தலைக்கவசமும்

விபத்தில் உயிர் பிழைத்தவனைக் கண்டால், "ஆயுள் கெட்டி" என்பர் சிலர்; "சனி இன்னும் விடவில்லை" என்பர் சிலர். சாலையைப் பற்றிப் பேசுவார் எவருமிலர்.

சென்ற மழைக்காலத்தில், செம்பனை லாரிகளின் சக்கரங்கள் சாலையில் விட்டுச்சென்ற சேற்றில் என் மோட்டார் சைக்கிள் வழுக்கி வீழ்ந்தது. தோள் எலும்பு முறிந்தது, தலை தப்பியது. என் அன்னையார் அந்தத் தலைக்கவசத்தைப் பூசையறையில் வைக்க விரும்பினார். அவர்தம் கண்ணீரை யான் மதிக்கிறேன். ஆயினும் காத்தது எது? கவசத்தின் உள்ளிருக்கும் நுரைத்தகடு தான் நசுங்கி, மோதலின் விசையைத் தன்மேல் ஏற்றது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை காவாது. ஆதலின் அதனை நீக்கிப் புதியது வாங்கினேன். மலேசியாவில் தலைக்கவசத்தைச் சட்டம் கட்டாயமாக்கியது 1973ஆம் ஆண்டில். அது காத்த தலைகளைச் சனியின் கணக்கில் எழுதுதல் முறையோ?

எலும்பு கூடியது, அச்சம் அகலவில்லை. வேலைக்குச் செல்ல வேறு வண்டியுமில்லை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார்கள். யானோ காரணங்களைக் கற்றேன். வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தொலைவு நான்கு மடங்காகும். மழையின் முதல் துளிகள் சாலையிலுள்ள எண்ணெயோடும் புழுதியோடும் கலந்து பெரிதும் வழுக்கும். மாலைதோறும் திடலில் மெல்ல ஓட்டி, பிரேக் பிடித்துப் பழகினேன். கைந்நடுக்கம் நாளடைவில் தணிந்தது.

அன்னையார் இன்றும் எனக்குத் திருநீறு பூசியே அனுப்புகிறார், பூசியபின், "வாரை மாட்டினாயா, ஐயா?" என்று கேட்கிறார். தோழர்களே, அக்கேள்வி நம் இல்லந்தோறும் ஒலிக்கட்டும்!