பிழை காட்டாத பிழை



கடைக் கணக்கு முதல் மதரஸாவின் மதிப்பெண் பட்டியல் வரை இன்று பலவும் கணினியில், எக்செல் தாளில்தான் எழுதப்படுகின்றன. ஒரு கோப்பிலுள்ள எண்ணை மற்றொரு கோப்பு தானே எடுத்துக்கொள்ளுமாறு இணைத்துவிடலாம். வசதிதான், ஆனால் இணைப்பு எங்கே அறுகிறது என்பதை அறியாதவர்க்கு அது பெருந்தொல்லை.

கட்டத்தில் 'ரெஃப்' என்று தோன்றினால், சூத்திரம் சுட்டிய இடம் இப்போது இல்லையென்று பொருள். 'ஸம்இஃப்' சூத்திரம் 'வேல்யூ' என்று முறையிட்டால், மூலக் கோப்பு மூடிக் கிடக்கிறது; திறந்தால் சரியாகிவிடும். கோப்பின் பெயரையோ இடத்தையோ மாற்றியிருந்தால், இணைப்புப் பட்டியலில் 'சேஞ்ச் சோர்ஸ்' வழியே புதிய இடத்தைக் காட்டுங்கள். அருகிலிருக்கும் 'பிரேக் லிங்க்' பக்கம் போகாதீர்கள். அது சூத்திரங்களை நீக்கி வெறும் எண்களை விட்டுவைக்கும்.

இவையெல்லாம் வாய்விட்டுக் கூவும் பிழைகள். நான் அஞ்சுவது கூவாத பிழைக்கு.

அண்டை ஊர் மதரஸா ஒன்றில், ஆண்டுத் தேர்வில் எப்போதும் முன்னிற்கும் சிறுமிக்கு 34 மதிப்பெண் என்று பட்டியல் வந்தது. பிள்ளை இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை என்றார் தாயார். கலைப் பட்டதாரியாயினும் கணினியில் சற்றுப் பழக்கமுண்டு என்பதால் என்னை அழைத்தார்கள். பார்த்தேன், எந்தக் கட்டத்திலும் பிழைக்குறி இல்லை. வகுப்பு உஸ்தாத் புதிய மாணவி ஒருத்திக்காகத் தம் கோப்பில் 12ஆவது வரியை இடைச்செருகியிருந்தார். மொத்தப் பட்டியல் அப்போது திறந்திருந்தால் அதன் சூத்திரமும் கூடவே நகர்ந்திருக்கும். மூடியிருந்தமையால், அது பழைய 12ஆவது வரியையே கேட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்து கீழே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கு மேலுள்ள பிள்ளையின் மதிப்பெண்! சிறுமி உண்மையில் பெற்றது 81.

வரிசை இடத்தை நம்பி இணைப்பதே இதற்குக் காரணம். சேர்க்கை எண்ணைக் கொண்டு 'விலுக்அப்' சூத்திரத்தால் தேடச் சொன்னால், வரி எங்கு நகர்ந்தாலும் அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணே வரும். மூலக் கோப்பு மூடியிருந்தாலும் வரும். சூத்திரத்தின் இறுதியில் 'ஃபால்ஸ்' என்று எழுதத் தவறாதீர்கள். இல்லையேல் சரியான எண் கிடைக்காதபோது அதற்குக் கீழான வேறோர் எண்ணைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும்.

அப்படித் தேடியும் கிடைக்காதபோது 'என்ஏ' என்று காட்டும். அது அழகைக் கெடுக்கிறதென்று சிலர் 'இஃப்எரர்' போட்டுச் சுழியமாக்கி விடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தேர்வு எழுதிய பிள்ளைக்குச் சுழியம் இடுவதைவிட, பட்டியல் அலங்கோலமாக நிற்கட்டும். பெரும்பாலும் காரணம் எளியதே: சேர்க்கை எண் ஒரு கோப்பில் எண்ணாகவும் மற்றொன்றில் எழுத்தாகவும் பதிந்திருக்கும். அந்த மதரஸாவிலும் அவ்வாறு மூன்று பெயர்கள் இருந்தன. உஸ்தாதும் நானும் அமர்ந்து அன்று அஸருக்குள் திருத்தி முடித்தோம்.